அலியை அடித்தவருக்காக எனக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர், முன்னாள் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) உலகச் சாம்பியன் லாரி ஹோம்ஸ் பற்றி நான் எழுதிய சின்னப் புத்தகம் போன வாரம் அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. 96 பக்கம், 300 பிரதி. மூன்று அட்டைப்பெட்டிகளும் இப்போது எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில். நன்றி சொல்ல ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் பக்கக் கணக்கு உதைத்ததில் அதுதான் முதலில் வெளியே போனது. அதனால் இந்த மடல். "என் பேரெல்லாம் போடாதீங்க" என்று பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேரை மட்டும் போட்டால் நன்றாக இருக்காது. ஆகவே யார் பெயரும் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, என்னைத் திட்டியவருக்கு. புளியந்தோப்பில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவரிடம் நான் எழுதப்போகும் ஆள் யார் என்று சொன்னதும் அவர் கேட்டது இதுதான்: "ஹோம்ஸா? எங்க அலியை அடிச்சவன்தானே? அவனுக்கெல்லாம் எதுக்குப்பா புஸ்தகம்?"

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1980 தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரும் வந்து பார்த்தார். பெரியவருக்கு அப்போது 19 வயது. கூட்டத்தில் ஒருவர் தோள்மேல் ஏறித்தான் பார்த்தாராம். அலியின் தலையும் கிளவுஸும் தெரிந்ததாம், கால் தெரியவில்லையாம். "காலைப் பார்க்காம அலியைப் பார்த்தவன் நானாத்தான் இருப்பேன்" என்று இன்னும் சொல்லி வருத்தப்படுகிறார். அதே வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி, லாஸ் வேகஸில் ஹோம்ஸ் அதே அலியைப் பத்து ரவுண்டு அடித்தார். மூன்று நடுவர்களும் ஒரு ரவுண்டைக்கூட அலிக்குத் தரவில்லை. பதினோராவது ரவுண்டுக்கு அலியை அனுப்ப மாட்டேன் என்று அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்திவிட்டார். பேப்பரில் அதைப் படித்த அன்று பெரியவர் சோறு சாப்பிடவில்லை.

ஐயா, நீங்கள் திட்டியதுதான் என் முதல் அத்தியாயம். ஹோம்ஸ் மேல் உலகம் வைத்திருந்த வழக்கும் ஏறக்குறைய நீங்கள் வைத்ததுதான். அலிக்குப் பிறகு வந்தது ஒரு குற்றம், அலியை அடித்தது இன்னொரு குற்றம். ஏழு வருஷம் சாம்பியனாக இருந்தவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே பேச்சு வேறு ஒருவரிடம் போய்விடுகிறது.

அந்தப் போட்டியின் வீடியோவை நான் தனியாகப் பார்த்தபோது எனக்கும் ஹோம்ஸ் மேல் எரிச்சல்தான் வந்தது. அதை மாற்றியது எங்கள் தெரு மருந்துக்கடை அக்கா. போட்டிக்கு முன் அலி தைராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தார், சொன்ன அளவுக்கு மேலேயே. அது என்ன செய்யும் என்று அக்காவிடம் கேட்டேன். கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னார்: "எடை இறங்கும். ஆள் பார்க்க சிக்குன்னு ஆயிடுவாரு. ஆனா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், உடம்புல சூடு தாங்காது, தெம்பே இருக்காது. அதோட சண்டை போட்டாரா? யார் விட்டது?" அப்புறம் திரும்பப் பார்த்தேன். ஹோம்ஸ் அடித்துவிட்டு, அடித்துவிட்டு ரெஃப்ரியைப் பார்க்கிறார். நிறுத்தேன் என்று கண்ணாலேயே கேட்கிறார். முடிந்ததும் அழுதார். டீர் லேக்கில் அலியின் பயிற்சி முகாமில், பயிற்சிக்காக எதிரே நின்று சம்பளத்துக்குக் குத்து வாங்கிய ஸ்பாரிங் பையன் அவர். அலி அடித்துக் கண் வீங்கியபோது ஐஸ் வைக்க விடாமல், ஊரில் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தவர். அக்கா, மூன்றாவது அத்தியாயம் உங்களுடையது. எழுதியது நான், அவ்வளவுதான்.

வாத்தியாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ராயபுரத்தில் ஒரு ஷெட்டில் பையன்களுக்கு பாக்சிங் சொல்லித் தருகிறவர். எழுபது வயதுக்கு மேல். நான் போனில் வீடியோ வைத்ததும் முதல் வேலையாகச் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். "பேசறவன் சொல்றதைக் கேட்டா நீ அவன் கண்ணால பார்ப்பே." 1978 ஜூன் 9, அப்போதைய சாம்பியன் கென் நார்ட்டனுடன் ஹோம்ஸ் ஆடிய பதினைந்தாவது ரவுண்டு. அந்த மூன்று நிமிஷத்தை ஆறு தடவை பார்த்தோம். முதல் இரண்டு தடவை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை, "இடது கை எங்கேருந்து கிளம்புது பார்" என்றார்.

எல்லோரும் முகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் இடது கையை ஹோம்ஸ் கீழே, ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறார். குத்து அங்கிருந்து மேலே வருகிறது. எதிராளி மூக்கு உயரத்தில் தேடிக்கொண்டிருக்கும்போது தாடைக்கு அடியிலிருந்து வந்துவிடுகிறது. இதைச் சொல்லிவிட்டு வாத்தியார் எழுந்து நின்று என் மூக்குக்கு எதிரே ஒரு லெஃப்ட் ஜாப், அதாவது இடது கையால் நேராக நீட்டும் குத்து, விட்டுக் காட்டினார். கை என்னைத் தொடவில்லை. கோடாலித் தைல வாசம்தான் முதலில் வந்தது. கை எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. "ஒண்ணு கண்ணை மூட வைக்கும், ரெண்டாவது மூடின கண்ணு மேல விழும். அப்புறம்தான் வலது கை. சமையலுக்கு அடுப்பு மாதிரி அந்த இடது. மத்ததெல்லாம் அதுக்கு மேலதான் வைக்கணும்." நார்ட்டனுடன் ஆடியபோது அந்தக் கையிலேயே தசை கிழிந்திருந்தது என்று நான் சொன்னதும் வீடியோவை நிறுத்தச் சொல்லி, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அவர்தான் குறையையும் காட்டினார். கீழேயிருந்து கிளம்பும் கை திரும்பும்போதும் கீழேதான் போகும். அந்த நொடியில் முகத்தின் இடது பக்கம் கதவு திறந்த வீடு. 1979இல் எர்னி ஷேவர்ஸ் அந்த வழியாகத்தான் வலது கையை இறக்கி ஏழாவது ரவுண்டில் சாய்த்தார். 1981இல் ரெனால்டோ ஸ்னைப்ஸும் அதே. இரண்டு தடவையும் ஹோம்ஸ் எழுந்து, பதினோராவது ரவுண்டில் எதிராளியை முடித்தார். 1988இல் மைக் டைசன் அதே வழியாக வந்தபோது ஹோம்ஸுக்கு 38 வயது, ஏறக்குறைய இரண்டு வருஷம் ரிங்கில் ஏறாதவர். நாலாவது ரவுண்டில் முடிந்தது. அவர் தோற்ற ஆறு போட்டிகளில் நடுவழியில் நிறுத்தப்பட்டது அது ஒன்றுதான். "விழறது பெரிசில்லை. விழுந்த மூளை தெளியறதுக்குள்ள கால் சொன்னதைக் கேட்குதா, அதான் பார்க்கணும்" என்றார் வாத்தியார். ஷேவர்ஸ் அடித்து எழுந்த காட்சியை மட்டும் அவர் ஷெட்டில் பையன்களுக்கும் போட்டுக் காட்டினோம். ஒரு பையன் "செத்துட்டான்னு நெனச்சேன் சார்" என்றான்.

சரி, வீட்டு நன்றி. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் என் மனைவி, புத்தகத்தின் கடைசியில் போட்டி முடிவுகளின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த நம்பரை ரெண்டு தடவை தப்பா போட்டிருக்கீங்க" என்றாள். தப்பில்லை. நார்ட்டனிடமிருந்து பட்டத்தை வாங்கியபோது இரண்டு நடுவர்கள் ஹோம்ஸுக்குக் கொடுத்த புள்ளிக் கணக்கு 143–142. 1985 செப்டம்பர் 21, மைக்கேல் ஸ்பின்க்ஸிடம் பட்டத்தை இழந்தபோது இரண்டு நடுவர்கள் ஸ்பின்க்ஸுக்குக் கொடுத்ததும் 143–142. நான் இரண்டு வருஷமாக அந்தத் தாள்களை வைத்துக்கொண்டிருந்தேன், கண்ணில் படவில்லை. பட்டம் வந்த வழியிலேயே போனது.

அந்த ஸ்பின்க்ஸ் போட்டிதான் எழுதக் கஷ்டமாக இருந்தது. 48 போட்டி, 48 வெற்றி. இன்னும் ஒன்று ஜெயித்தால், தோற்காமலே ஓய்ந்த பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவின் 49 வெற்றியைத் தொட்டிருப்பார். மார்சியானோ கடைசியாக ஆடிய போட்டிக்குச் சரியாக முப்பது வருஷம் முடிந்த தேதி. தோற்ற கையோடு, தன் உள்ளாடையைத் தூக்கக்கூட மார்சியானோ லாயக்கில்லை என்கிற மாதிரி ஹோம்ஸ் பத்திரிகைக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்டார், ஆனாலும் ஏழு வருஷ வேலையைவிட அந்த ஒரு வரிதான் ஊர் வாயில் தங்கியது. அந்த உள்ளாடைக்குத் தமிழில் என்ன போடுவது என்று மெய்ப்புப் பார்த்த தம்பியுடன் ஒரு மாலை முழுக்கச் சண்டை. கோமணம் என்றேன், அது வேறு என்றார். வாத்தியாருக்குப் போன் போட்டோம். "லங்கோடு. இதுக்கா போன் பண்ணே?" என்று வைத்துவிட்டார். தம்பி, அதோடு 'ஹோல்ம்ஸ்' என்று நான் அடித்த 41 இடத்தையும் திருத்தியதற்கு நன்றி. ஷெர்லக்கின் அண்ணனா என்று கேட்டதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

நியூஜெர்சியில் இருக்கும் அக்கா மகள், ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவின் ஈஸ்டனுக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினாள். உண்மையில் அவள் போனது கிரயோலா கிரேயான் செய்யும் ஊர் என்று பிள்ளை அடம்பிடித்ததால். வந்த வழியில் 'லாரி ஹோம்ஸ் டிரைவ்' என்ற பலகை. டெலவேர் ஆற்றோரம் வெண்கலச் சிலை. பன்னிரண்டு பிள்ளைகள் இருந்த வீட்டில் பிறந்து, ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, கார் கழுவப் போன பையனின் ஊர் அது. சம்பாதித்த பணத்தை அவர் அந்த ஊர்க் கட்டடங்களில்தான் போட்டார். படத்தில் சிலையைவிடப் பிள்ளையின் சிவப்புக் கலர் அப்பிய வாய்தான் பெரிதாகத் தெரிகிறது. அதனால் புத்தகத்தில் போட முடியவில்லை, ஆனால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

என் முதல் கட்டுரையை எட்டு மாதம் வைத்திருந்து, "இவரைவிட டைசனைப் பற்றி எழுதலாமே" என்று திருப்பி அனுப்பிய பத்திரிகைக்கும் நன்றிதான். அவர்கள் போட்டிருந்தால் இது நாலு பக்கத்தோடு முடிந்திருக்கும். அச்சுக்குப் பணம் கொடுத்த மூன்று நண்பர்களுக்கு விற்றதும் திருப்பித் தருகிறேன். விற்காவிட்டாலும் தருகிறேன், கொஞ்சம் மெதுவாக.

ஒரு விஷயத்தில் வாத்தியாரும் நானும் ஒத்துப்போகவில்லை. ஹெவிவெயிட்டில் பழைய சாம்பியன் ஜோ லூயிஸுக்கும் அலிக்கும் அடுத்த நாற்காலி ஹோம்ஸுக்கு என்று எழுதியிருக்கிறேன். இருபது தடவை பட்டத்தைக் காத்தவர். 42 வயதில் திரும்பி வந்து, அதுவரை தோற்காத ரே மெர்சரை ஜெயித்தவர், அதுவும் நடுவில் மூலையில் சாய்ந்துகொண்டு டிவி கேமராவிடம் பேசிக்கொண்டே. வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. 1983இல் டிம் விதர்ஸ்பூனை மயிரிழையில் ஜெயித்துவிட்டு அவருக்கு மறுபடி வாய்ப்புத் தரவில்லையே. அதே வருஷம் அனுபவமே இல்லாத மார்விஸ் ஃபிரேசரை ஒரே ரவுண்டில் அடித்ததெல்லாம் கணக்கா என்று கேட்டார். பதில் இல்லை. அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். ஜெர்ரி கூனி போட்டியில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. 1982இல் கறுப்பினச் சாம்பியனுக்கு எதிராக ஒரு வெள்ளைக்கார ஆள் கிடைத்தான் என்று கூனியை வைத்து ஊரையே இரண்டாக்கினார்கள்; வழக்கத்துக்கு மாறாக, சாம்பியனை முதலில் அறிவித்து எதிராளியைக் கடைசியாக அறிவித்தார்கள். ஹோம்ஸ் பதின்மூன்று ரவுண்டும் அந்த இடது கையை மட்டும் பேச விட்டார். பின்னாளில் இருவரும் நண்பர்களாகவும் ஆனார்கள்.

கடைசியாக, பெரியவரே. அலி வந்தபோது வாங்கினேன் என்று நீங்கள் கொடுத்த படம் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அட்டையில் அதைப் போடச் சொன்னீர்கள், போடவில்லை. அட்டையில் ஹோம்ஸ்தான், இடது கை நீட்டியபடி. வரும் ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கொண்டுவருகிறேன். உங்களுக்கு அனுப்பிய பிரதியை இன்னும் கவரிலிருந்தே எடுக்கவில்லை என்று உங்கள் மகன் சொன்னார். பரவாயில்லை ஐயா. எடுத்தால் 31ஆம் பக்கத்திலிருந்து படியுங்கள், அதில்தான் அவர் அழுகிறார்.