வீட்டுக்குள் ஓடும் கேமுக்கு இணையத் திட்டம் எதற்கு?

ஆசிரியருக்கு,

கணினியில் ஓடும் கேமை எக்ஸ்பாக்ஸ் கேம் கன்சோல் வழியாக டிவியில் ஆடுவது பற்றிய கட்டுரையில், படம் திக்கினால் வேகமான இணையத் திட்டத்துக்கு மாறச் சொல்லியிருந்தீர்கள். அதை நம்பி யாரும் காசைக் கரைக்க வேண்டாம். கணினியிலிருந்து ரௌட்டர், அங்கிருந்து கன்சோல் என்று அந்தப் படம் வீட்டுக்குள்ளேயே ஓடி முடிகிறது. இணையத்தைத் துண்டித்தாலும், ஏற்கெனவே தொடங்கிய ஆட்டம் ஓடும். 1080பி தெளிவுள்ள படத்தை நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 தனிப்படங்களாக, அனுப்ப 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) வேகம் போதும். நெட்வொர்க் கேபிளைச் செருகும் பழைய 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட்டே தாராளம்.

கோளாறு பெரும்பாலும் வைஃபையில்தான். கணினி, கன்சோல் இரண்டும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பிரேமும் காற்றில் இரண்டு முறை போகவேண்டியிருக்கிறது. எது ரௌட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதைக் கேபிளில் போட்டாலே பாதிச் சுமை குறையும். மற்றதை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் புளூடூத்தும் மைக்ரோவேவும் குறுக்கே வரும்.

ஸ்பீட் டெஸ்டில் 300 எம்பிபிஎஸ் காட்டுகிறதே என்பார்கள். அது சராசரி. ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி, படத்தைச் சுமந்துவரும் சில தரவுத் துண்டுகள் (பாக்கெட்டுகள்) 40 மில்லிநொடி தாமதித்தால் இரண்டு பிரேம் போச்சு. கார் ரேஸில் நேர்ச்சாலையில் சுத்தமாக இருக்கும் படம், வளைவில் கட்டம் கட்டமாகச் சிதறுவதைப் பார்த்திருப்பீர்கள். வளைவில் திரை முழுவதும் ஒரேயடியாக மாறுவதால், கொடுத்த பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு, போதாமல் போகிறது.  வைஃபை தாங்காவிட்டால் தெளிவு குறைந்த 720பிக்கு இறங்குவதே மேல்.

கன்சோலில் வயர்லெஸ் டிஸ்ப்ளே செயலியைத் திறந்து, கணினியில் விண்டோஸ் விசையுடன் கே அழுத்தச் சொன்னதெல்லாம் சரி. விட்டுப்போனவை இரண்டு. இணைக்கும்போது உள்ளீட்டை அனுமதிக்கும் கட்டத்தை டிக் செய்யாவிட்டால் கன்ட்ரோலர் வேலை செய்யாது. இணைந்தபின் மேலே வரும் பட்டையில் கேமிங் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடியோ முறை படத்தைச் சீராக்குவதற்காகத் தாமதத்தைக் கூட்டிவிடும். கன்சோலின் பெயரே பட்டியலில் வராவிட்டால், இரண்டும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். விருந்தினருக்கென்று தனியாகப் பிரித்து வைக்கும் கெஸ்ட் வைஃபை பல வீடுகளில் இந்த வேலையைக் கெடுக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கிறதா? கேமின் பிரேம் ரேட்டை 60-இல் பூட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் திணறினால், படத்தைப் பிடித்து அனுப்பும் வேலை வரிசையில் காத்துக் கிடக்கும்.

டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை, கன்சோல் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு நீங்களே கையால் போடுங்கள். தானாக மாறும் என்று விட்டுவிடாதீர்கள். கன்சோலின் கணக்கில் இது கேம் அல்ல, ஒரு செயலி. இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் தாமதம் மிஞ்சும் என்பதால், சண்டை கேம்களுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. அதற்குக் கணினியை நேராக டிவியோடு இணைக்கும் நீளமான எச்டிஎம்ஐ கேபிள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்