தண்ணி உறையமுதல்

ஒட்டாவா
ஒக்ரோபர் 6

மச்சான்,

உன்ர நாலு கோலுக்கும் நான் பதில் சொல்லேல்லை, நீ அனுப்பின வண்டிப் படங்களுக்கும் இல்லை. பேசுறதெண்டால் நேரில வந்து பேசு. இங்க எல்லாரும் சுகம், அம்மாவின்ர முழங்கால் பரவாயில்லை. நீ உண்மையாவே அந்த 24 அடி மோட்டர்ஹோமை, படுக்கை குசினியோட ஓடுற வீட்டு வண்டியை, வாங்கிப்போட்டாய் எண்டு மணியண்ணை சொல்லித்தான் தெரியும். பழைய மொறிஸ் மைனர் காரை மறந்திட்டானோ எண்டு கேக்கச் சொன்னார். கேட்டாச்சு.

படம் முழுக்கத் திரைச்சீலையும் குஷனும். வாற கிழமை இரவில மைனஸ் 5 எண்டு சொல்லுறாங்கள், உன்ர வண்டிக்குள்ள இப்ப தண்ணி நிக்குது. அதுக்குத்தான் இந்த அவசரம்.

தண்ணி உறையேக்க கிட்டத்தட்ட 9 வீதம் பெருக்கும். பிளாஸ்ரிக் குழாய் கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும், அது அநேகமாத் தப்பிவிடும். வெடிக்கிறது மூட்டுகள், பம்புக்கு முன்னால இருக்கிற வடிகட்டியின்ர சின்னக் கிண்ணம், ரொய்லெற் வால்வு, தண்ணி திறக்கிற பைப்புகளின்ர உட்பக்கம். வெடிச்சது இப்ப தெரியாது. ஏப்பிரலில பம்பைப் போட, சுவருக்குப் பின்னால சீறிக்கொண்டு நிக்கும்.

முதல்ல கழிவுத் தாங்கிகள். தேங்ஸ்கிவிங் முடிஞ்ச கையோட கனக்கப் பூங்காக்கள் பூட்டுப்படும், கழிவு இறக்கிற இடமும் அதோட சரி. அதால இந்த வார இறுதியே போ. ரொய்லெற் கழிவு நிக்கிற கறுப்புத் தாங்கியை முதல் திற, பிறகு குளிச்சுக் கழுவின தண்ணி நிக்கிற சாம்பல். மாறித் திறந்தால் ஹோஸைக் கழுவுறதுக்குச் சவர்க்காரத் தண்ணி மிஞ்சாது, அந்த மணத்தை நீதான் வீட்டுக்குக் கொண்டுபோவாய்.

அடுத்தது சுடுதண்ணித் தாங்கி. உன்ரது 6 கலன், ஏறத்தாழ 23 லீற்றர். காஸையும் கரண்டையும் நிப்பாட்டி, ஆற விட்டு, ஒரு சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து அமுக்கத்தை எடுத்த பிறகுதான் வெளிக் கதவுக்குள்ள இருக்கிற அடைப்பில கை வை. சூடா இருக்கேக்க கழட்டினால் முகத்துக்குத்தான் அடிக்கும். தாங்கி சபேர்பன் கொம்பனி எண்டால் அடைப்பைக் கழட்ட 1 1/16 இஞ்சி சொக்கற் வேணும். அடைப்போட சேர்ந்து நீளமான உலோகக் கம்பி ஒண்டு வரும். தாங்கி துருப்பிடிக்காமல் தான் கரையிறதுதான் அதின்ர வேலை. முக்கால்வாசி கரைஞ்சிருந்தால் புதுசு வாங்கு. அற்வூட் கொம்பனித் தாங்கி எண்டால் வெறும் பிளாஸ்ரிக் அடைப்பு, கம்பி தேடாதே.

தாங்கி காலியானதும் பின்னால இருக்கிற, தாங்கிக்குள்ள போகாமல் விலத்தி விடுற பைபாஸ் வால்வைத் திருப்பு. ஆக்கள் பிழைவிடுறது இதிலதான். திருப்பாமல் பம்பைப் போட்டால், குழாய் உறையாமல் இருக்க நீ விடப்போற மருந்தில 23 லீற்றர் அந்தத் தாங்கியை நிரப்பத்தான் போகும், பைப்பில நிறம் வராது, நீ கடைக்கு ஓடிக்கொண்டிருப்பாய்.

மருந்து எண்டது அந்த றோஸ் நிற அன்ரிபிறீஸ். லேபிளில புறொப்பிலீன் கிளைக்கோல் எண்டு இருக்கவேணும். மதுசாரம் கலந்தது மலிவு, ஆனால் ரப்பர் சீல்களைக் காயப்பண்ணிப்போடும். கார் றேடியேற்றருக்கு விடுற பச்சை நஞ்சு, கிட்டவும் கொண்டுவராதே. உன்ர அளவு வண்டிக்கு 3.78 லீற்றர் கலன் மூண்டு தாராளம். தண்ணி கலக்காதே. நல்ல தண்ணித் தாங்கியையும் முதல்ல வடிச்சுவிடு; மிச்சத் தண்ணியோட கலந்தால் போத்தலில போட்டிருக்கிற மைனஸ் 50 ஒரு கதைக்கும் உதவாது.

தண்ணி வடிகட்டியின்ர காட்றிட்ஜைக் கழட்டி எறி. பம்பு உறிஞ்சுற பக்கத்தில சின்ன ஹோஸ் ஒண்டு போட்டு மற்ற முனையைக் கலனுக்குள்ள விடு. பம்பைப் போட்டு, கிட்ட இருக்கிற பைப்பில தொடங்கித் தூரம் போ. முதல் குளிர், பிறகு சூடு. காற்று இருமும், தெளிஞ்ச தண்ணி வரும், பிறகு வெளிறின றோஸ். அதில நிப்பாட்டாதே, கலனில இருக்கிற அதே கடும் நிறம் வரவேணும். ரொய்லெற் மிதியையும் அமத்து. வெளியில சின்னக் கதவுக்குள்ள ஒரு ஷவர் இருக்கு, முந்தின சொந்தக்காரன் காட்டியிருக்கவே மாட்டான். ஒவ்வொரு தொட்டிக்கும் ஷவருக்கும் கீழ இருக்கிற கழிவுக்குழாய் வளைவுக்குள்ள ஒரு கப் மருந்து ஊத்து. கடைசியா, ஹோஸ் பூட்டுற வெளி வாய்: பம்பை நிப்பாட்டி, ஒரு பைப்பைத் திறந்து அமுக்கத்தை எடுத்து, வலையைக் கழட்டி, உள்ள இருக்கிற வால்வை ஆணிமுனையால அமத்து. தேங்கின தண்ணி ஒழுகும்.

கம்பிறெசரால காற்றடிச்சால் காணும் எண்டு குட்டி சொல்லுவான். சொல்லட்டும். அடிக்கிறதெண்டால் காற்றமுக்கம் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல போகாதே. அடிச்சாலும் பம்புக்கும் வளைவுகளுக்கும் மருந்து வேணும்.

பற்றறியை 12.7 வோல்ட் வரைக்கும் சார்ஜ் பண்ணி, மைனஸ் முனையை முதல் கழட்டி, நிலவறையில கொண்டுபோய் வை. நிறைஞ்ச ஈயப் பற்றறி எங்கட குளிருக்கு உறையாது, சார்ஜ் இறங்கினது மைனஸ் பத்துக்கே உறையலாம். சீமெந்து நிலத்தில வைக்காதே எண்டு மணியண்ணை சத்தம் போடுவார். அது பற்றறிப் பெட்டியை ரப்பரில செய்த காலத்துக் கதை, நீ வை. பிறிட்ஜ் கதவைத் துணி செருகித் திறந்தபடி விடு, இல்லாட்டிப் பூஞ்சணம்.

இனிமேல் சொல்லப்போறதுதான் எனக்கு உண்மையான பயம். வண்டி ஓட்டுற சீற்றுக்கு மேல இருக்கிற படுக்கை இருக்கெல்லே, பிள்ளைகளுக்கு எண்டு படத்தில குஷன் அடுக்கி வச்சிருக்கிறாய். மெத்தையைத் தூக்கி, முன் மூலை ரண்டையும் பெருவிரலால அமத்திப் பார். இந்த வகை வண்டியில அந்த மூலைதான் முதல் ஒழுகும். கெட்டியா இருந்தால் சந்தோசம். பிஸ்கற் மாதிரி உள்ள போனால் மரச்சட்டம் உக்கத் தொடங்கிட்டுது. அதுக்குப் பிறகு ஒட்டுறது பூசுறது வேலையில்லை, பிரிச்சுத்தான் பாக்கவேணும். கூரைக்கு ஏறேக்க பலகை போட்டு ஏறு. காற்றாடி, குழாய் வாய், ஏணிக்கால் எல்லாத்தையும் சுத்திப் பூசின சீலன்ற், அந்த ஒழுக்கடைக்கிற பசை, வெடிச்சிருக்கோ எண்டு பார். கிடையான இடத்துக்குத் தானே பரவுற சீலன்ற், நிமிந்த இடத்துக்கு வழியாதது. சிலிக்கன் பூசவே பூசாதே, பிறகு அதுக்கு மேல ஒண்டும் ஒட்டாது. குளிர் இறங்கினால் இதுவும் ஒட்டாது, மத்தியான வெயில் இருக்கேக்க செய்.

நீலப் படங்கு போட்டு மூடவும் வேண்டாம். காற்றில அடிச்சடிச்சுப் பெயின்றை உரஞ்சிப்போடும், ஈரமும் உள்ள நிக்கும்.

மூலையை அமத்தின உடன எனக்குக் கோல் அடி. இந்த முறை எடுப்பன்.

உன்ர
சின்னவன்

பி.கு.: சுடுதண்ணித் தாங்கியின்ர கரண்ட் சுவிச்சுக்கு மேல இண்டைக்கே ரேப் ஒட்டி ‘காலி’ எண்டு எழுது. தாங்கியில தண்ணி இல்லாமல் அதைப் போட்டால் தண்ணியைச் சூடாக்கிற எலிமென்ற் எரிய ஒரு நிமிசமும் வேண்டாம். வசந்தத்தில முதல் போடுறவள் உன்ர மனுசிதான், எனக்குத் தெரியும்.