டிரங்குப் பெட்டியில கிடக்குற பிலிம் ரோலை எடைக்குப் போட்றாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் எங்க பங்காளி வீடு ஒண்ணைப் பிரிச்சாங்க. தூணு, நிலைக்கதவு, பர்மா தேக்கு எல்லாத்துக்கும் விலை பேசியாச்சு, ரெண்டாங்கட்டு அறையில இருந்த ஒரு டிரங்குப் பெட்டியை மட்டும் யாரும் சீந்தல, உள்ள சின்னச் சின்ன தகர டப்பாவா இருக்கேன்னு எடைக்குப் போடப் போனாங்க, நான் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். பாத்தா 8 எம்எம் பிலிம், அந்த வீட்டு ஐயா மலாயாவுல பினாங்குல இருந்தப்ப எடுத்தது. மெட்ராஸ்ல குடுத்து ஸ்கேன் பண்ணுனோம். தைப்பூச வெள்ளி ரதத்தை மாடு இழுத்துட்டு வருது, சீனங்க கடைவாசல்ல நின்னு கும்பிடுறாங்க, நகரத்தாருங்க தங்கித் தொழில் பாத்த கிட்டங்கி வாசல்ல நம்மாளுக ஆறு பேரு நிக்கிறாங்க, கடைசியில ஒரு தெருவுல மெர்டேக்கான்னு, அதாவது மலாய்ல சுதந்திரம்னு, எழுதுன துணி தொங்குது, அப்ப 1957 வாக்குலதான் இருக்கணும்.

அதுக்கு முந்துன பத்துப் பன்னெண்டு வருஷத்துல ஆசியாவே தலைகீழா மாறிருச்சுங்க. பர்மாவும் இலங்கையும் 1948ல, மலாயா 1957ல சுதந்திரம் வாங்குச்சு. அதை டாக்குமெண்டரியா எடுத்தது பெரும்பாலும் சர்க்கார் கேமராதான், அங்க 1946ல மலாயன் பிலிம் யூனிட், இங்க 1948ல பிலிம்ஸ் டிவிஷன், கொட்டகையில மெயின் படத்துக்கு முன்னாடி ஓடுமே அது. அதுவும் வேணும்தான், ஆனா கடல் தாண்டிக் கொண்டு விக்கப் போன நம்மாளு உக்காந்து கணக்குப் பாத்த பெட்டியடி அதுல எங்க வரும்?

நம்ம கோட்டையூர் ஏ.கே.செட்டியார் காந்தி டாக்குமெண்டரி எடுத்ததை நினைச்சுப் பாருங்க. 1937 அக்டோபர் 2, கப்பல்ல போறப்ப தோணுன யோசனை, அதுக்காக ஒரு லட்சம் மைல் சுத்தி 50,000 அடி பிலிம் சேத்து 12,000 அடியாக்கி 1940ல வெளியிட்டாரு. அதுல பெரும்பகுதி யார் யாரோ எடுத்துப் பத்திரமா வச்சிருந்தது, அவங்க தூக்கிப் போட்டிருந்தா அந்தப் படமே வந்திருக்காது. அதே ஊரு ரோஜா முத்தையா வீடு நிறைய சேத்த புக்கும் நோட்டீசும்தான் இன்னைக்கு சென்னையில பெரிய நூலகம். பிலிமுக்கும் அப்படி ஒரு இடம் காரைக்குடியில வரணும், பணம் இருக்குற நகரத்தார் சங்கங்க மனசு வச்சா முடியாத காரியமில்ல.

அதுவரைக்கும் வீட்ல வச்சிருக்கவங்க பரண்ல மட்டும் போடாதீங்க, நம்ம ஊர் வெயிலுக்கு அது உருகாத குறைதான். டப்பாவைத் திறந்தா வினிகர் வாடை அடிச்சா பிலிம் கெட ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், அதை முதல்ல ஸ்கேனுக்குக் குடுங்க. பழைய ப்ரொஜெக்டர்ல ஓட்டிப் பாக்கவே கூடாது, சுருங்குன பிலிம் பல்லுல மாட்டிக் கிழிஞ்சிரும். டப்பா மேல பென்சில்ல எழுதியிருந்தா அழிச்சிராதீங்க.

இதைக் கொஞ்சம் சீக்கிரம் போடுங்க ஐயா. எங்க ஆயாவுக்கு 91 வயசு, கல்யாணமாகி நாலு வருஷம் பினாங்குல இருந்தவங்க. கிட்டங்கி வாசல்ல நிக்கிற ஆறு பேர்ல நாலு பேருக்கு டக்குனு பேர் சொல்லிட்டாங்க, மத்த ரெண்டு பேரு யாருன்னு தேவகோட்டையில இருக்குற அவங்க அக்காவைக் கேக்க வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் வாசகர் ஒருவர்