வரையாடு ஏறிப்போக இன்னும் மலை எங்கே இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் ஆனைமலை வரையாடுகளைப் பற்றி வந்த கட்டுரையில், வெயில் கூடினால் அவை மேலும் உயரமான இடங்களுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு வரி இருந்தது. பொள்ளாச்சி–வால்பாறைத் தடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்தவன் நான். அந்த வரியைப் படித்தது முதல் மனம் ஆறவில்லை. எந்த வழியாகப் போகும், ஐயா?

ஆழியாற்றிலிருந்து ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது வளைவை ஒட்டித்தான் பயணிகள் வரையாடுகளைப் பெரும்பாலும் பார்க்கிறார்கள். அந்தப் பாறைச் சரிவுக்கு மேலே வால்பாறை மேட்டுநிலம். அது நூறாண்டுக்கும் மேலாகத் தேயிலைத் தோட்டம். அதைக் கடந்தால்தான் அக்காமலைப் புல்வெளி. சிறுத்தையோ செந்நாயோ வந்தால் செங்குத்துப் பாறையில் ஏறித் தப்பும் பிராணி, தேயிலைச் செடிகளுக்கும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் நடுவே அவ்வளவு தூரம் எதை நம்பி நடக்கும்? அக்காமலையில் இருப்பவையோ ஏற்கெனவே உச்சியில் நிற்கின்றன. இமயமலையில் ஆடுகள் ஏறுவதைக் கட்டுரையாளர் சான்றாகக் காட்டியிருக்கிறார். அங்கே மேலே இன்னும் மலை இருக்கிறது. நமக்குத் தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டரோடு முடிந்துவிடுகிறது.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒரு பங்குனி மாத நண்பகலில் எங்கள் வண்டி சூடேறி அந்த வளைவுக்கருகே நின்றுவிட்டது. சாலையோரத் தடுப்புச்சுவரின் ஒரு முழ நிழலுக்குள் பெட்டை ஆடு ஒன்று ஒண்டி நின்று, கல்லிடுக்கில் கசிந்த ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தது. குட்டி தாயின் வயிற்றுக்கடியில், அந்த நிழலுக்குள்ளும் இன்னொரு நிழலைத் தேடி நின்றது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் அவை காலையிலும் மாலையிலும்தான் சாலைக்கு வரும். உச்சி வெயிலில் பாறை இடுக்குகளை விட்டு அசையா. அன்று காரில் வந்த ஒருவர் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். நான் தடுத்ததற்கு என்னிடம் சண்டைக்கு வந்தார். சில மாதங்கள் கழித்து அதே போன்றதொரு காட்சியைத் தாங்கள் 'அன்புப் பரிமாற்றம்' என்ற தலைப்புடன் படமாக வெளியிட்டீர்கள். அப்போதும் எழுதினேன். அந்தக் கடிதம் வெளியாகவில்லை.

மொட்டை மலையில் மரக்கன்று நட்டவர்களைப் பாராட்டித் தாங்கள் எழுதியதும் நினைவிருக்கிறது. அது மொட்டை மலை அன்று. வரையாட்டின் மேய்ச்சல் நிலம். நீலகிரியில் ஆங்கிலேயர் காலம் தொட்டு அப்படி வெற்றிடம் என்று எண்ணி நட்ட சீகை (வாட்டில்) மரங்கள் எத்தனை புல்வெளிகளை விழுங்கின என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துச் சோலைக்காட்டு மரங்களின் கன்றுகளைப் புல்வெளிக்குள் வரவிடாமல் தடுப்பதில் உறைபனிக்குப் பெரும் பங்கு உண்டு என்கிறார்கள். பனி விழும் இரவுகள் குறைந்தால் மரம் மேலேறும், புல் சுருங்கும். வெயில் கீழிருந்து துரத்த, மரம் பக்கத்திலிருந்து நெருக்க, சங்கப் புலவர்கள் வருடை என்று பாடிய இந்த ஆடு எங்கே நிற்கும்?

எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது என்பது கட்டுரையின் அடுத்த வாதம். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031, 2025இல் 1,303 என்பது உண்மை, எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் இரண்டாம் முறை கூடுதலான பகுதிகளில் எண்ணினார்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். வெப்பம் மிகக் கடுமையாக உயர்ந்தால் அதன் வாழிடத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு வரை பறிபோகலாம் என்று 2018இல் வெளியான ஆய்வு எச்சரித்ததைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. மாநில விலங்கு என்று பெயர் சூட்டிய நாம், அதற்கு ஆபத்தில்லை என்று சொல்லுமுன் ஒருமுறை மலையேறிப் பார்த்திருக்கலாம்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். இனி வரையாட்டின் படம் போடும்போது, அதற்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்று கீழே ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
பொள்ளாச்சி