மாத்திரையைப் பாதியாக வெட்டினேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விசைத்தறி ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு 14 வருடமாகச் சர்க்கரை. மூன்று வருடத்துக்கு முன் சிறுநீரில் புரதம் இறங்குவது தெரிந்தது. அல்புமின் என்ற அந்தப் புரதத்தின் அளவைக் காட்டும் அல்புமின் கிரியேட்டினின் விகிதம் 86. முப்பதைத் தாண்டினாலே விடக்கூடாது என்று டாக்டர் டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரையை 40 மி.கி. எழுதினார். மூன்று வாரம் கழித்து ரத்தத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிட்டு 80 ஆக்கினார்.

பிரஷர் 118/76-க்கு வந்தது. "அதான் நார்மல் ஆயிடுச்சே, எதுக்கு இவ்வளவு பவர்?" என்று பக்கத்துத் தறிக்காரர் கேட்டார். எனக்கும் சரியென்றே பட்டது. நான்தான் பிளேடால் மாத்திரைகளை இரண்டாக்கி, ஒரு வாரத்துக்கானதை எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தேன். மழை நாளில் அவை ஓரம் நமுத்து மாவாக உதிர்ந்தன. அந்த மாத்திரை ஈரத்தை இழுக்கும், விழுங்கும்போதுதான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆறு மாதத்தில் அந்த 86 என்பது 190 ஆகிவிட்டது. ரிப்போர்ட்டைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது.

டாக்டர் திட்டவில்லை, புரிய வைத்தார். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் வேறு, சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தம் வேறு. வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயை இந்த மாத்திரை தளர்த்துகிறது. உள்ளே அழுத்தம் குறைந்து புரதம் ஒழுகுவதும் குறைகிறது. 80 எழுதியது அதற்காகவும்தான்.

பி.ஃபார்ம் படிக்கும் என் மகள் இன்னொன்று சொன்னாள். இதே வகையான இர்பெசார்டனை வைத்து 590 சர்க்கரை நோயாளிகளிடம் இரண்டு வருடம் பார்த்த ஆய்வு 2001-இல் வந்ததாம். புரதம் ஒழுகுவது அதிகமாகிச் சிறுநீரக நோயின் அடுத்த கட்டத்துக்குப் போனவர்கள், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர், 150 மி.கி. சாப்பிட்டவர்களில் பத்து, 300 மி.கி.யில் ஐந்து. பாதி மாத்திரைக்கும் முழு மாத்திரைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்காக யாரும் தாங்களாகவே டோஸைக் கூட்டவும் கூடாது. தலைசுற்றலோ, வாந்தி பேதியோ வந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும். சிறுநீரகத்துக்கு ஆகாது என்பதால், இடுப்பு வலிக்கு இஷ்டத்துக்கு வலி மாத்திரை வாங்கிப் போடுவதை என் வீட்டுக்காரரும் நிறுத்திவிட்டார்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தரும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். "பிரஷர் நல்லா இருக்கு" என்று சொல்லும்போதே, "ஆனா மாத்திரையைக் குறைச்சிடாதீங்க, வருஷத்துக்கு ஒரு தடவை யூரின்ல அல்புமின் பாருங்க" என்றும் சொல்லுங்கள். எங்கள் தெருவில் இன்னும் நாலு வீட்டில் மாத்திரையைப் பாதியாக வெட்டித்தான் போடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குமாரபாளையம்