‘ஏலியன்’ வரிசையின் அடுத்த படத்தை ஒரு பெண் இயக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஏலியன்’ என்னும் விண்வெளித் திகில் படவரிசையில் 2024இல் வந்த ‘ஏலியன்: ரோமுலஸ்’ படத்தின் தொடர்ச்சியைத் தாம் இயக்கப் போவதில்லை என்றும், தயாரிப்பில் மட்டும் பங்கேற்று, இயக்கும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கப் போவதாகவும் அப்படத்தின் இயக்குநர் ஃபெடே அல்வாரெஸ் 2025ஆம் ஆண்டில் கூறியிருந்தார். அந்த இடத்துக்குத் தகுதியானவர் யார் என்று இப்படங்களின் ரசிகர்கள் நடத்தும் வாதத்தை நானும் ஆர்வத்தோடு கவனித்து வருகிறேன். அதில் ஒரு முக்கியமான செய்தி விடுபட்டுப் போகிறது என்று தோன்றுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதல் படத்தைத் தந்த ரிட்லி ஸ்காட்டே திரும்பி வர வேண்டும் என்கிறார்கள் சிலர். இரண்டாம் படத்தின் வேகத்தை மறக்க முடியாதவர்கள் ஜேம்ஸ் கேமரூனை அழைக்கச் சொல்கிறார்கள். மூன்றாம் படத்தில் டேவிட் ஃபின்ச்சருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு இப்போதாவது பரிகாரம் தேட வேண்டும் என்போர் உண்டு. 2015இல் பேசப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட இயக்குநர் நீல் புளோம்காம்ப்பின் ‘ஏலியன்’ படத் திட்டத்தைத் தூசு தட்டி எடுக்கச் சொல்வோரும் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், 1979 முதல் 2024 வரை வெளிவந்த ஏழு படங்களையும் இயக்கிய ஐவரும் ஆண்கள். ‘பிரிடேட்டர்’ என்னும் வேறொரு படவரிசையின் வேற்றுக்கிரக உயிரியோடு மோதவிட்டு எடுக்கப்பட்ட இரண்டு படங்களைச் சேர்த்துக்கொண்டாலும் நிலைமை மாறவில்லை. ரசிகர்கள் உரக்கச் சொல்லும் பெயர்களும் பெரும்பாலும் அப்படியே அமைந்துவிடுகின்றன.

வேறொரு படவரிசையாக இருந்திருந்தால் இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். இந்த வரிசையின் அச்சமே கருத்தரிப்பையும் பிரசவத்தையும் பற்றியது என்பதால்தான் சொல்கிறேன். முதல் படத்தில், முட்டையிலிருந்து பாய்ந்த வேற்றுக்கிரக உயிரி, விண்கலப் பணியாளர் கேன் என்ற ஆணின் முகத்தைக் கவ்விப் பிடித்து, அவனறியாமல் அவன் உடலுக்குள் கருவை வைத்துவிட்டுச் செத்து விழுகிறது. விழித்தெழுந்த அவன் பசியோடு மற்றவர்களுடன் சாப்பிட உட்காருகிறான். சிரிப்பும் பேச்சுமாக இருக்கும்போதே இருமல் வருகிறது, மேசைமேல் மல்லாந்து துடிக்கிறான், வெள்ளைச் சட்டையில் முதலில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிகிறது, பிறகு மார்பு பிளக்கிறது. ரத்தம் இவ்வளவு பீறிட்டு அடிக்கும் என்று உடனிருந்த நடிகர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாததால், அவர்கள் முகத்தில் நாம் காணும் அதிர்ச்சியில் நடிப்பு கொஞ்சம்தான். திரைக்கதை எழுதிய டான் ஓபேனன் கிரோன்ஸ் என்னும் குடல் நோயால் நெடுநாள் அவதிப்பட்டவர்; தம் வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று தம்மைத் தின்பதைப் போன்ற அந்த வலியிலிருந்தே இக்காட்சி பிறந்தது என்பது இப்படத்தின் வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும். நாற்பத்தைந்து ஆண்டுகளாக நிலைத்து நிற்கும் ஓர் அச்சம், அதைத் தன் உடம்பில் அனுபவித்தவரிடமிருந்துதான் வந்தது என்பது என் வாதத்துக்கு அடிப்படை.

அதன்பின் வந்த படங்களும் இந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்திருக்கின்றன. 1986இல் வந்த இரண்டாம் படம், அந்த உயிரிகளின் முட்டையிடும் ராணிக்கும், பெறாத குழந்தையைத் தன் குழந்தையாக வரித்துக்கொண்ட கதாநாயகி ரிப்ளிக்கும் இடையே நடக்கும் போர். மூன்றாவதில் ரிப்ளியே ஒரு ராணியின் கருவைச் சுமக்கிறாள். 2024இல் வந்த ‘ரோமுலஸ்’ படத்தில் கே என்ற கர்ப்பிணிப் பெண், உயிர் பிழைப்பதற்காக ஏற்றிக்கொண்ட மருந்தின் விளைவாக, மனிதக் குழந்தை என்று சொல்ல முடியாத ஒன்றைப் பெற்றெடுக்கிறாள். பிரசவ அறையின் வாசலில் நின்றபடியே இத்தனை படங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாம் படத்தில் நடந்த ஒரு வெட்டைக் குறிப்பிட வேண்டும். ஐம்பத்தேழு ஆண்டுகள் உறைதுயிலில் கிடந்து மீண்ட ரிப்ளி, தான் விட்டுவந்த சிறுமி இதற்குள் முதியவளாகி இறந்தும் போய்விட்டாள் என்று அறிந்து, மகளின் வயதான முகத்தைப் படத்தில் பார்த்துக் கலங்கும் காட்சி ஒன்று எடுக்கப்பட்டிருந்தது. திரையரங்குக்கு வந்த பதிப்பில் அது இல்லை. பின்னாளில் வந்த நீண்ட பதிப்பில்தான் சேர்ந்தது. நியூட் என்ற சிறுமிக்காக ரிப்ளி ஏன் தன் உயிரையே பணயம் வைக்கிறாள் என்ற கேள்விக்கு அந்த ஒரு நிமிடத்தில் பதில் இருக்கிறது. படத்தின் நீளத்தைக் குறைக்க வேண்டிய நெருக்கடியில் அதையா எடுத்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இனி, 2012இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ப்ரொமீதியஸ்’ படத்துக்கு வருகிறேன். அதில் கதாநாயகி எலிசபெத் ஷா தன் வயிற்றில் வளர்வது மனிதக் கரு அல்ல என்று தெரிந்ததும், தானாக அறுவை சிகிச்சை செய்யும் பெட்டகத்தை நோக்கி ஓடுகிறாள். பிரசவ அறுவை சிகிச்சை செய் என்று கட்டளையிட்டால், அது ஆண் நோயாளிகளுக்கு மட்டுமே அமைக்கப்பட்ட இயந்திரம் என்ற பதில் வருகிறது. வயிற்றில் அந்நியப் பொருள் இருப்பதாகச் சொல்லி அதனை இணங்கவைத்து, விழித்த கண்ணோடு படுத்துத் தன் வயிறு கீறப்படுவதைப் பார்க்கிறாள். இந்த வரிசையிலேயே மிகக் கூர்மையாக எழுதப்பட்ட காட்சிகளுள் இதுவும் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அடுத்த சில நிமிடங்களில் அவள் நடக்கிறாள், ஓடுகிறாள், பள்ளத்தைத் தாவிக் கடக்கிறாள். நடுவே வலிக்கு ஊசி போட்டுக்கொள்வதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவதும் காட்டப்படுகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நான் இரண்டு முறை வயிற்றைக் கீறிப் பிள்ளை பெற்றவள். அறுவைக்கு மறுநாள் கட்டிலிலிருந்து இறங்கச் சொன்னபோது, ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, கால்களை மெல்லத் தொங்கவிட்டு, செவிலியரின் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்து நிற்பதற்குள் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. நிமிர்ந்து நின்றால் தையல் பிரிந்து உள்ளிருப்பதெல்லாம் சரிந்துவிடுமோ என்ற பயத்தில், கூனிக் குறுகியே நாலடி நடந்தேன். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொள்ள வேண்டும். தும்மல் வருவது போலிருந்தால் மூச்சையே அடக்கிக்கொள்வேன். அந்த நாலடித் தூரத்தில் இருக்கும் திகில் எந்தத் திரைப்படத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. துரத்தி வரும் ஓர் உயிரியிடமிருந்து அந்த நிலையில் ஒருத்தி தப்ப வேண்டும் என்றால், அவள் தாவிக் கடக்கும் பள்ளத்தைவிட, கட்டிலின் விளிம்பிலிருந்து தரைக்குக் கால் வைக்கும் அந்தக் கணமே பார்வையாளரை உறையவைக்கும். அதை அனுபவித்த ஒருவரோ, அனுபவித்தவரிடம் கேட்டறியத் தோன்றும் ஒருவரோ இயக்கியிருந்தால் அந்தப் படம் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

திறமைக்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது, ரிப்ளியையே ஆண்கள்தானே படைத்தார்கள் என்று இதற்கு மறுப்பு வரும். ஏற்கிறேன். முதல் படத்தின் திரைக்கதையில் எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ ஏற்கலாம் என்று குறித்து வைத்திருந்ததால்தான் சிகோர்னி வீவருக்கு ரிப்ளியாக நடிக்கும் வாய்ப்பே அமைந்தது. ஆண்களால் முடியாது என்பது என் வாதமன்று. அவர்கள் ஏழு முறை சொல்லிவிட்டார்கள், நன்றாகவும் சொல்லியிருக்கிறார்கள் என்பதையே நினைவூட்டுகிறேன். ஒரே அச்சத்தை எட்டாம் முறை சொல்லும்போது, அதை உள்ளிருந்து அறிந்தவரிடம் கேட்டுப் பார்ப்பதில் படத்துக்கு நட்டம் எதுவும் இல்லை.

பெயர் சொல்லாமல் பேசுவது எளிது என்பதால் என் தேர்வையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் தேர்வு பிரெஞ்சு இயக்குநர் கோரலி ஃபார்ஜா. 2024இல் வந்த அவருடைய ‘தி சப்ஸ்டன்ஸ்’ படத்தில் டெமி மூர் ஏற்ற பாத்திரத்தின் முதுகு பிளந்து இளம்பெண் ஒருத்தி வெளியே வருகிறாள்; வந்தவள் குளியலறைத் தரையில் கிடக்கும் அந்த உடலின் முதுகை ஊசி நூல் கொண்டு தைக்கிறாள். பிறப்பையும் தையலையும் இவ்வளவு அருகில் வைத்துப் பார்க்கத் துணிந்தவரிடம் ‘ஏலியன்’ சென்று சேர்வது இயல்பானதாக எனக்குப் படுகிறது. அப்படத்துக்காக அவர் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். ஒப்பனைக்கான ஆஸ்கர் அப்படத்துக்கே கிடைத்தது. அடுத்தபடியாக நான் சொல்வது, 2021இல் ‘டிட்டான்’ படத்துக்காகக் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதை வென்ற ஜூலியா டுகோர்னோவை. வளரும் வயிற்றைத் துணியால் இறுகக் கட்டி மறைக்கும் ஒரு பெண்ணை அதில் அவர் காட்டிய விதம் இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

இவர்களுக்குப் பெரிய ஸ்டுடியோ படங்களில் அனுபவம் போதாது என்பார்கள். ஸ்காட்டுக்கு ‘ஏலியன்’ இரண்டாவது படம்தான். அவர் கைப்பட வரைந்த காட்சி ஓவியங்களைப் பார்த்த பிறகே ஸ்டுடியோ செலவுத் தொகையை ஏறத்தாழ இரு மடங்காக உயர்த்தியது. ஃபின்ச்சருக்கு ‘ஏலியன் 3’ முதல் படம். அவர் தடுமாறியதற்கு அனுபவக் குறைவைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. வேறோர் இயக்குநரின் கதைக்காக அரங்குகள் எழும்பத் தொடங்கிவிட்ட நிலையில், எழுதி முடிக்கப்படாத திரைக்கதையோடு அவரைப் படப்பிடிப்புக்கு அனுப்பி, எடுத்த படத்தையும் அவர் விருப்பப்படி தொகுக்க விடவில்லை. 2003இல் அப்படத்தின் நீண்ட பதிப்பு தயாரானபோதும் அவர் அதில் பங்கேற்கவில்லை.

ரோமுலஸ் தொடர்ச்சிக்குத் திரைக்கதை முடிந்துவிட்டது என்று அல்வாரெஸ் கூறியிருந்தது ஆறுதலளித்தது. அதைப் படித்துப் பார்த்து, தமக்குத் தெரிந்த வலியைக் கொண்டு திருத்தும் உரிமையும், கடைசித் தொகுப்பின்போது தம் முடிவே முடிவு என்று சொல்லும் அதிகாரமும் வரப்போகும் இயக்குநருக்கு எழுத்திலேயே கிடைக்க வேண்டும். யார் இயக்குவார் என்று வாதாடும் ரசிகர்கள், அந்த உரிமைக்காகவும் அதே அளவு குரல் கொடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி