தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கு: அந்த மூன்று எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழு, பதவி உயர்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உயிர்மருத்துவ ஆய்வாளரின் விண்ணப்பத்தைத் திறந்ததும் மூன்று எண்கள் முன்னால் வந்து நிற்கும்: கட்டுரைகள் இத்தனை, சைட்டேஷன் (மற்றவர்கள் காட்டிய மேற்கோள்) இத்தனை, எச்-இண்டெக்ஸ் இவ்வளவு. எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தவை என்பது பெரும்பாலும் இருக்காது. முதலில் அதைக் கட்டாயமாக்குங்கள். கூகுள் ஸ்காலர் என்ற தேடுபொறி, ஆய்வேடு, முன்பதிப்பு (மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிட்ட கட்டுரை), மாநாட்டுத் தாள் என்று கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொள்ளும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற தரவுத்தளங்கள் பொறுக்கியெடுத்த வெளியீடுகளிலிருந்துதான் எண்ணும். ஒருவரின் ஸ்காலர் எண்ணை இன்னொருவரின் ஸ்கோபஸ் எண்ணோடு ஒப்பிடுவது, ஒருவரைச் செருப்போடும் மற்றவரை வெறுங்காலோடும் நிறுத்தி உயரம் அளப்பது போலத்தான்.

பெயர்க் குழப்பமும் உண்டு. இனிஷியலும் பெயரும் ஒன்றாக உள்ள இருவரின் கட்டுரைகள் ஒரே ப்ரொஃபைலில் கலந்துவிடும். பணியிடம் மாறிய ஒருவரே இரண்டாகப் பிரிந்தும் கிடப்பார். தோல்நோய்க் கட்டுரைகளுக்கு நடுவே திடீரென்று கான்கிரீட் வலிமைச் சோதனை எட்டிப்பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனியாக உள்ள 16 இலக்க ஆர்கிட் அடையாள எண் இதற்கு உதவும். ஆனால் அந்தப் பட்டியலை ஆய்வாளரே நிரப்பலாம் என்பதால், டிஓஐ (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) வழியாகக் கட்டுரையைத் திறந்து பார்ப்பதைத் தவிர்க்க முடியாது.

எச்-இண்டெக்ஸை இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தார். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 60, 22, 9, 6, 5, 3. தன் வரிசை எண் அளவுக்காவது மேற்கோள் உள்ள கடைசிக் கட்டுரை எது என்று பாருங்கள். ஐந்தாவதுக்கு 5 இருக்கிறது, ஆறாவதுக்கு 6 இல்லை. ஆகவே குறியீடு 5. முதல் கட்டுரையின் 60 நாளைக்கே 6,000 ஆனாலும் அதே 5தான். ஆண்டு கூடக்கூட ஏறும். வேலையே செய்யாவிட்டாலும் இறங்காது. 8 ஆண்டு அனுபவக்காரரையும் 30 ஆண்டு அனுபவக்காரரையும் இந்தத் தராசில் ஏற்றாதீர்கள்.

படிவத்தில் கேட்கப்படும் இம்பாக்ட் ஃபேக்டர் ஆய்வாளரின் எண்ணே இல்லை, இதழின் எண். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்தவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளின் ஆய்வு, மீளாய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். ஒரே கட்டுரை இந்தச் சராசரியை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ இதழ் சாட்சி: சுமார் 2ஆக இருந்த அதன் எண் 2009இல் 50க்கு அருகே எகிறியது. படிக அமைப்பைக் கண்டறியும் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் எழுதியதை, அதைப் பயன்படுத்தியவர்களெல்லாம் மேற்கோள் காட்டியதே காரணம். அதே இதழில் எழுதிய மற்றவர்களுக்கு அந்த 50இல் என்ன பங்கு?

மேற்கோள் என்றாலே பாராட்டு என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. புரதத்தை அளக்கும் முறை பற்றி லோரியும் உடன் பணியாற்றியவர்களும் 1951இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. சோதனைக்கூடங்கள் அந்த முறையைக் கையாண்டன, குறிப்பிட்டன, அவ்வளவுதான். எதிர்முனையில், தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்து 2010இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்கும் ஆயிரத்துக்கு மேல் மேற்கோள் உண்டு. பெரும்பாலானவை அதை மறுப்பவை. கணக்கில் இரண்டும் கூட்டல்தான்.

வேறு என்னதான் செய்வது? விண்ணப்பதாரரையே ஐந்து கட்டுரைகள் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டிய பத்துக் கட்டுரைகளைத் திறந்து, அந்தக் குறிப்பு எந்த இடத்தில் வருகிறது என்று தேடுங்கள். முன்னுரையில் ‘4–11’ என்று எட்டுக் குறிப்புகளில் ஒன்றாகக் கும்பலில் வந்தால் அது மரியாதைக்கு வைத்த குறிப்பு. செய்முறைப் பகுதியில் ‘இந்த முறைப்படி’ என்று தனியாக வந்தால் அவருடைய உழைப்பு வேறொருவரின் மேசையில் வேலை செய்கிறது. விவாதப் பகுதியில் ‘முரண்படுகிறது’ என்று வந்தால் இரண்டு பத்தி கூடுதலாகப் படியுங்கள். முரண்பட்டது யார் தவறு என்பது எண்ணில் தெரியாது. ஒரு விண்ணப்பத்துக்கு அரைநாள் பிடிக்கும். இறுதிப்பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் செய்தால் போதும்.

சுயமேற்கோளைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம். தொடர் ஆய்வு செய்பவர் தன் முந்தைய வேலையைச் சுட்டித்தான் ஆகவேண்டும். ஸ்கோபஸில் அதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. கழித்ததும் எண் பாதியாகச் சரிந்தால் காரணம் கேளுங்கள்.

மேற்கோள் அளவு துறைக்குத் துறை மாறும். அதைச் சரிக்கட்ட, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஹெச்சின் ஐசைட் தளத்தில், கட்டுரையை அதன் துறையோடு ஒப்பிடும் ‘ஒப்பீட்டு மேற்கோள் விகிதம்’ இலவசமாகக் கிடைக்கிறது. 1.0 என்றால், அந்த நிறுவன நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமட்டம். ஓராண்டு வயதுள்ள கட்டுரைக்கு மட்டும் அதை நம்பாதீர்கள்.

உயிர்மருத்துவக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் கைவேலையையும் கடைசிப் பெயர் ஆய்வுக்குழுத் தலைமையையும் குறிப்பது வழக்கம். நடுவில் இருப்பவர் என்ன செய்தார் என்பதை, ஆசிரியர்களின் பங்களிப்பைப் பிரித்துச் சொல்லும் கிரெடிட் வகைப்பாட்டின் 14 பணிகளில் எது அவருடையது என்ற அறிவிப்பில் பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை பட்டியலில் இருக்கிறதா என்பதை ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் தேடுங்கள். 2023 முதல், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக அது எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நேர்மையான பிழையைத் தானே முன்வந்து திரும்பப் பெற்றவரும் அதில் இருப்பார், காரணத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

அடுத்த அறிவிப்புக்கு முன் படிவத்தில் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ என்ற கட்டத்தை நீக்கிவிடுங்கள். அந்த இடத்தில் ஐந்து டிஓஐ எண்களுக்கும், ஒவ்வொன்றிலும் தான் செய்தது என்ன என்று அவர் எழுத நான்கு வரிக்கும் இடம் விட்டால் போதும்.

இப்படிக்கு,
மேற்கோள் தரவுகளோடு அன்றாடம் மல்லுக்கட்டும் சிலர்